சேவையை எடைபோடுகிறவர் யார்?

அரசாங்கம் செய்கிற நற்காரியங்களை மதிப்பிடுவதற்கு நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம், கொடுத்ததை எண்ணிப் பார்ப்பதேயாகும். இத்தனை சக்கர நாற்காலிகள், இத்தனை காதொலிக் கருவிகள், இத்தனை அடையாள அட்டைகள், இத்தனை முகாம்கள், அவற்றில் இத்தனை பயனாளிகள் என்று, மானியக் கோரிக்கைக் காலத்தில் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள் எண்களை அடுக்கிக் காட்டும். அந்தக் கணக்கை நான் பரிகசிக்க வரவில்லை. நாற்காலிக்கென்று ஒதுக்கிய பணம் நாற்காலியாக வந்து சேர்ந்ததா என்று அறிய அதைவிட நல்ல உபாயம் கிடையாது. ஆனால் உடல்நலம் பற்றி ஆலோசனை கூறுவதும், மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மாற்றுத்திறனாளியின் பக்கம் நின்று பரிந்து பேசுவதுமாகிய ஒரு சேவையை அதே தராசில் நிறுத்த முற்படும்போதுதான் விபரீதம் விளைகிறது. அந்தச் சேவையில் கைமாறுகிற பொருள் என்று ஒன்றுமில்லை. அதன் பலன் அது நடக்கிற அறைக்குள் விளைவதுமில்லை. பலனென்று ஏதாவது உண்டானால், அது வேறோரிடத்தில், வேறொருவருடைய மேஜைக்கு எதிரே, ஒரு டாக்டரோ குமாஸ்தாவோ முன்பு மறுத்த ஒன்றை இப்போது இணங்கிச் செய்வதில்தான் இருக்கிறது.

இந்த விசாரத்துக்கு இப்போது ஓர் அவசரமும் ஏற்பட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலக வங்கி 16 கோடியே 20 லட்சம் டாலர் கடனுக்கு இசைவு தந்த ‘உரிமைகள்’ திட்டத்தின்கீழ், மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை வீடு வீடாகத் திரட்டுவதும், ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறப்பதும் தமிழ்நாடு அரசின் காரியங்களாகியிருக்கின்றன. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி முதலிய மறுவாழ்வு உதவிகளை ஊர் ஊராக அலையாமல் ஒரே கூரையின்கீழ்ப் பெறலாம். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்ற வழிகாட்டுதலும் அங்கேயே கிடைக்க வேண்டும் என்பது உத்தேசம். உத்தேசத்தில் குறையில்லை. ஆனால் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும், போட்ட பணத்துக்குப் பலன் என்ன என்று ஒருநாள் கேட்கத்தான் செய்வார்கள். அப்போது பதில் சொல்லும் வாய் யாருடையதாக இருக்கும் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வடசென்னையிலுள்ள மணலியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1965-இல் தோற்றுவிக்கப்பட்ட மெட்ராஸ் ரிபைனரீஸ், அதற்கு அடுத்த ஆண்டு உருவான உரக் கம்பெனி, அவற்றை ஒட்டி வரிசையாக எழுந்த ரசாயனத் தொழிற்சாலைகள், இவற்றிலிருந்து துறைமுகத்துக்கும் அங்கிருந்து இங்கும் இரவு பகல் பாராமல் ஓடுகிற கன்டெய்னர் லாரிகள் என்று, மாநிலத்தின் செல்வத்தில் ஒரு கணிசமான பங்கு இந்தப் பகுதியின் புகையிலும் தூசியிலும் விளைகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஊனம் என்பது பிறவியோடு வந்து சேர்வது மாத்திரமல்ல. வேலைத்தலத்திலும் சாலையிலும் அன்றாடம் உண்டாவதும்கூட. ஆனால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பேர்பெற்ற ஸ்தாபனங்களை நகரப் படத்தில் குறித்துப் பார்த்தால், கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை, கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கிவரும் வித்யாசாகர், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் என்று புள்ளிகள் பெரும்பாலும் தெற்கேயே விழும். வடக்கே உள்ளவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான் கதி. விம்கோ நகர் வரையில் 2021-இல் வந்த மெட்ரோ ரயிலும் மணலிக்குள் வரவில்லை. போதாக்குறைக்கு, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதி, வருவாய்த் துறைக் கணக்கில் 2018 வரையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்துவந்தது. மனுவை எந்த மாவட்ட அலுவலகத்தில் கொடுப்பது என்பதே ஏழாண்டு காலம் ஆலோசனை கேட்க வேண்டிய விஷயமாக இருந்தது.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் வருடாந்தர ‘ஷட்டவுன்’ வேலைக்கு ஒப்பந்தக்காரர் அழைத்துச் சென்ற வெல்டர்; சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்று, மணலி புதுநகரில் ஒரு சிறு வீட்டில் படுத்திருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற பொறுப்பு மனைவியுடையது. அந்த அம்மாள் எத்தனை இரவுகள் முழுத் தூக்கம் தூங்கினாள் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. சிறுநீர் போக வைத்திருக்கும் டியூபைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தொற்று உண்டாகிக் காய்ச்சல் வரும். காய்ச்சலை அசட்டை செய்தால் சிறுநீரகம் கெடும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு ஊனச் சான்று வேண்டும். சான்றுக்கு மருத்துவக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். வேலையில் நேர்ந்த விபத்தாகையால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் பாத்தியதை உண்டு; வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும், சந்தா ஒரு பைசாக்கூடச் செலுத்தப்படாதிருந்தாலும், ஊன உதவியைப் பெறுவதற்கு அது தடையல்ல என்பது அந்த ஏற்பாட்டின் விதி. ஆனால் ஒப்பந்தக்காரர் தம்மிடம் அப்படி ஓர் ஆள் வேலை பார்க்கவே இல்லை என்று சாதிக்கிறார்.

இவருடைய மனைவி ஓர் ஆலோசனை மையத்துக்கு வருகிறாள் என்று கொள்வோம். அங்கே இருக்கும் இளைஞர் மரியாதையாக உட்கார வைத்து, டியூபை மாற்ற ஸ்டான்லிக்குப் போகும்படியும், சான்றுக்கு இன்ன இடத்துக்கும் ஈ.எஸ்.ஐ.க்கு இன்ன இடத்துக்கும் போகும்படியும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார். சொன்னதில் ஒரு வார்த்தையும் பிழையில்லை. பதிவேட்டில் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று ஒரு வரி ஏறுகிறது. மாதக் கடைசியில் அந்த வரி ஓர் எண்ணாகி மேலிடத்துக்குப் போகிறது. அந்த அம்மாளோ, படுத்த படுக்கையாக உள்ளவரை ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆண்பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வீடு திரும்புகிறாள். மூன்று இடங்களுக்கும் போய்வர ஆகும் வாடகையைக் கூட்டிப் பார்த்தாளானால், காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அதே மையத்தில் வேறுவிதமாகவும் நடக்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிற ஏற்பாடு இருக்கிறதே என்று நினைவுகூர்ந்து, அந்த வட்டாரத்துச் செவிலியரோடு தொலைபேசியில் பேசி, டியூபை வீட்டிலேயே மாற்ற நாள் குறித்துக் கொடுக்கலாம். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு ஆள் கூடவே போய், விபத்தறிக்கை எங்கே என்று கேட்கலாம். ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் ஆலை நிர்வாகத்துக்கு அந்தத் தொழிலாளியின் சந்தா விஷயத்தில் பொறுப்பு உண்டு என்பதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தாரதம்மியம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனாலும் பதிவேட்டில் இரண்டும் ஒரே வரிதான். உண்மையில் இரண்டாவது முறையில் பத்து நாள் போய்விடுவதால், முதல் முறையைக் கைக்கொண்ட மையமே அந்த மாதத்தில் அதிகம் உழைத்ததாகத் தோன்றும்.

வந்தவர்களையே கேட்டுவிட்டால் போகிறது என்று சிலர் சொல்லக்கூடும். திருப்தியா, மிகுந்த திருப்தியா, திருப்தியில்லையா என்று அச்சடித்த தாளை நீட்டுவது இப்போதெல்லாம் நாகரிகமாகிவிட்டது. நம் ஜனங்களின் சுபாவத்தை அறிந்த எவரும் அந்தத் தாளை நம்ப மாட்டார்கள். உதவி செய்தவர் எதிரே நிற்கும்போது, “நல்லாத்தான் பண்றாங்கய்யா, ஒண்ணும் குறையில்லை” என்று சொல்வது நம்மிடையே உண்மை பேசுவதன் ஒரு வகையல்ல, மரியாதையின் ஒரு வகை. அதிலும் அடுத்த மாதம் இதே ஆளிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்ற ஞாபகம் உள்ளவர்கள், பட்ட சிரமத்தைச் சிரித்தபடியே விழுங்கிவிடுவார்கள். எத்தனையோ வாசல்களில் அலட்சியத்தையே கண்டு பழகியவருக்கு, உட்காரச் சொன்னதே ஒரு பெரிய உபகாரமாகத் தோன்றிவிடுவதும் உண்டு. ஆகவே மதிப்பீட்டுக்காகக் கேட்கிறவர் சேவையின் சம்பளத்தில் இருக்கக்கூடாது. கேட்கிற இடம் அந்த மையமாக இருக்கக்கூடாது. கேட்கிறவரும் ஒரு மாற்றுத்திறனாளியாக இருந்தால், மற்றவரிடம் மறைத்ததில் பாதியாவது அவரிடம் வெளிப்படும். “டியூப் மாத்த எவ்வளவு நாளாச்சு, அதுக்குள்ள எத்தனை தரம் காய்ச்சல் வந்துது?” என்று கேட்கத் தெரிந்தவர், தாமே அந்த டியூபோடு வாழ்ந்தவராகத்தான் இருப்பார்.

என் அபிப்பிராயத்தை இங்கே ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். பரிந்து பேசுகிற சேவை ஒன்று ஓராண்டு நடந்த பிறகு, அதைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளின் மேலும் அலுவலகங்களின் மேலும் முறையீடுகள் பெருகவில்லையானால், அந்தச் சேவை தன் வேலையைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். பரிந்து பேசுவதென்பது யாரோ ஓர் அதிகாரிக்கு அசௌகரியம் விளைவிப்பது. எவருக்கும் அசௌகரியம் விளையாமல் ஓராண்டு கழிந்ததென்றால், அசௌகரியம் முழுவதையும் மாற்றுத்திறனாளியே தொடர்ந்து சுமந்திருக்கிறார் என்று அர்த்தம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் அதன் எல்லாப் பகுதிகளும் தடையின்றி அணுகத்தக்கனவாக இருக்க வேண்டுமென்றும், சிகிச்சையில் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை வேண்டுமென்றும் கூறுகிறது.  இவ்வளவு இருந்தும் ஆஸ்பத்திரியின் முறையீட்டுப் பதிவேடு வெறுமையாகக் கிடந்தால், குறைகள் இல்லை என்று சந்தோஷப்படுவதா, கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை என்று கவலைப்படுவதா? மேலதிகாரிகள் முதல் கருத்துக்கே சாய்வார்கள். அது மனித சுபாவம். அரசின் சம்பளம் பெறும் பணியாளர் அரசு ஆஸ்பத்திரியின் மீதே முறையீடு எழுத வேண்டிய சங்கடத்தையும் நான் அறியாமலில்லை. அந்தச் சங்கடத்திலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டுமானால், முறையீட்டின் எண்ணிக்கையை அவருடைய குற்றமாக அல்ல, அவருடைய வேலையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கிலாந்து தேசத்திலிருந்து ஒரு பாடம் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக உழைக்கும் மென்கேப் என்ற சங்கம் 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொது மருத்துவப் பராமரிப்பில் இருக்கையில் மாண்டுபோன ஆறு பேரின் வரலாறு அது. அதன் பேரில் ஏற்பட்ட சர் ஜோனதன் மைக்கேல் விசாரணை, அடுத்த ஆண்டே தன் முடிவுகளைத் தெரிவித்தது. இந்த ஆறு பேரும் வைத்தியம் கிட்டாத தூரத்தில் இருந்தவர்கள் அல்லர்; இலவச வைத்தியத்துக்குப் புகழ்பெற்ற தேசத்தின் ஆஸ்பத்திரிகளுக்குள் இருந்தவர்கள். வலியை வார்த்தையால் சொல்ல முடியாத ஒருவர் தலையை முட்டிக்கொண்டால், அது அவருடைய குறைபாட்டின் இயல்பு என்று கொண்டு, உள்ளே இருக்கும் நோயைத் தேடாமலே விட்டுவிடுகிற பழக்கம் வைத்திய உலகில் எங்கும் உண்டு. சிகிச்சைக்கு வந்தவர்களை எண்ணுகிற கணக்கில் அந்த ஆறு பேரும் பயனாளிகளாகவே சேர்ந்திருப்பார்கள். கணக்கைப் புரட்டிப் போட்டவர்கள், மாண்டவர்களின் பெற்றோரும் அவர்களோடு நின்ற சங்கமும்தான்.

வந்தவர்களின் கதை இதுவானால், வராதவர்களின் கதையை எப்படி அறிவது? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையோ, உலக ஜனங்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் கணிசமான ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் சிலர் மற்றவர்களைவிட இருபது ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும் மதிப்பிடுகிறது. வரையறைகள் வேறு, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது. எனினும் நம் கணக்கில் அகப்படாதவர் பலர் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காது கேளாத இருபது வயதுப் பெண் ஒருத்தி, வெளிநோயாளிப் பிரிவில் பெயர் கூப்பிடுவது கேட்காமல் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். அல்லது தாயை அழைத்துக்கொண்டு போய், மாதவிலக்கின் உபாதையைத் தாயின் வாய்வழியாகவே டாக்டருக்குச் சொல்வாள். தாயிடம் சொல்லக் கூசியது டாக்டருக்குத் தெரியவே போவதில்லை. சைகை மொழி அறிந்த ஒருவரை அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த ஒரு காரியத்துக்காகவே ஒரு மையம் நடக்கலாம் என்பேன். ஆனால் அவள் மையத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவளைப் பற்றிய திருப்தித் தாளும் கிடையாது.

மணலியின் விஷயத்தில் இன்னொரு கணக்கையும் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2020 ஆகஸ்டில், பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய செய்தி வந்தபோதுதான், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்காகக் கிடந்தது ஊராருக்கே தெரியவந்தது. ஓட முடிந்தவர் ஓடுகிற ராத்திரியில், முதுகுத்தண்டு முறிந்த வெல்டர் என்ன செய்வார்? அபாய அறிவிப்பின் ஒலி அந்தக் காது கேளாத பெண்ணுக்கு எப்படிக் கேட்கும்? அதே 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைத்து, அபாயம் நேரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. உடல்நல ஆலோசனை நிலையத்துக்கும் பேரிடருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ரசாயன ஆலைகளிலிருந்து வெகுதூரத்தில் குடியிருக்கும் பாக்கியசாலிகள். வீடு வீடாகத் திரட்டும் விவரங்கள் உதவித்தொகைக்கு மட்டும் பயன்பட்டு, சங்கு ஊதும் ராத்திரிக்குப் பயன்படாமல் போனால், மணலியைப் பொறுத்தவரை அந்தத் திரட்டலில் பாதி வியர்த்தம்.

இந்த மதிப்பீட்டையெல்லாம் யார் செய்வது என்பதற்குப் புதிதாக ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 48-ஆம் பிரிவே, மாற்றுத்திறனாளிகள் சம்பந்தப்பட்ட திட்டங்களை அரசு சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தி, அவை அவர்களுக்குப் பாதகமாக இல்லை என்பதையும் அவர்களுடைய தேவைகளுக்கு ஏற்றபடி நடக்கின்றன என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டுமென்கிறது. சமூகத் தணிக்கை என்பது கணக்கப்பிள்ளை உள்ளறையில் உட்கார்ந்து செய்வதன்று. 1994 டிசம்பரில் ராஜஸ்தானத்துக் கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் சங்கம் அரசுப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்து, இந்தப் பெயருக்குரியவர் இந்தக் கூலியை வாங்கினாரா என்று சபையையே கேட்ட வழக்கம், பின்பு 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபையின் தணிக்கையாக இடம்பெற்றது. குளம் வெட்டிய கணக்குக்கு உரிய அந்த முறை, டியூப் மாற்றிய கணக்குக்கும் உரியதே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: ஒருவருடைய நோயைச் சபையில் படிப்பது தகாது. ஆகவே பெயர்களை நீக்கிவிட்டு, எத்தனை பேர் எங்கே அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அங்கே காரியம் நடந்தது, நடக்காதவர்களுக்கு எந்த மேஜையில் நின்றுபோயிற்று என்று படித்தால் போதும்.

அதிகாரிகள் தரப்பில் ஓர் ஆட்சேபம் எழும். அதில் நியாயமும் உண்டு. கணக்கெடுப்பு, மறு கணக்கெடுப்பு, ஆய்வு என்று வந்து வந்து எழுதிக்கொண்டு போகிறவர்களைக் கண்டு ஜனங்கள் ஏற்கெனவே சலித்துப்போயிருக்கிறார்கள். “போன தடவை எழுதினீங்களே, அது என்னாச்சு?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் புதிதாக ஒரு தாளோடு படியேறுவது அவமரியாதை. கேட்டதன் விளைவு இன்னதென்று முதலில் போய்ச் சொல்லிவிட்டு, பிறகு அடுத்த கேள்வியைக் கேட்பது என்ற ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டால், சலிப்பில் பெரும்பகுதி நீங்கும். கேட்கப் போகும் மாற்றுத்திறனாளிகளுக்கு வெறும் போக்குவரத்துப் படியை மட்டும் கொடுத்துத் தன்னார்வம் என்று பெயர் சூட்டுவதும் கூடாது. ஆலோசகர் என்று வெளியூரிலிருந்து வருகிறவருக்குக் கொடுக்கும் கௌரவ ஊதியம் இவர்களுக்கும் உரியது, ஏனெனில் வேலை ஒன்றே.

மணலி மண்டலத்தில் அத்தகைய தணிக்கைச் சபையை ஆண்டுக்கொரு முறை கூட்டுவதானால், கீழ்த்தளத்தில் சாய்தளமும் அணுகத்தக்க கழிப்பறையும் உள்ள கூடமாகத் தேட வேண்டும். சைகை மொழி பெயர்ப்பவர் தொடக்கத்திலிருந்து கடைசி வரையில் இருக்க வேண்டும். நகர முடியாதவர்களின் சாட்சியத்தை முன்கூட்டியே வீட்டில் பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். பதில் சொல்ல ஸ்டான்லியிலிருந்தும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்தும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்தும், முடிவெடுக்க அதிகாரமுள்ளவர்களே வர வேண்டும். குறிப்பெழுதிக்கொண்டு போகிற கீழ்நிலைப் பணியாளரை அனுப்பிவைப்பது ஆகாது. ஆலைகளின் பாதுகாப்பு அதிகாரிகளும், ஷட்டவுன் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஒப்பந்தக்காரர்களும் அந்தச் சபையில் முன்வரிசையில் உட்கார வேண்டும்.